நுரையீரல் சி.டி. வருடலில் கதிர்வீச்சு ஏற்பளவும் படிமத் தரமும்

நுரையீரல் சி.டி. வருடல் என்பது எக்ஸ்-கதிர்களைப் பல கோணங்களில் மார்பின் வழியே செலுத்தி, மறுபுறம் வெளிவரும் கதிர்களின் அளவைக் கொண்டு நுரையீரலின் குறுக்குவெட்டுப் படிமங்களைக் கணினி மூலம் உருவாக்கும் மருத்துவ முறை ஆகும். பேச்சு வழக்கில் இது சி.டி. ஸ்கேன் எனப்படுகிறது. இம்முறையில் உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு ஏற்பளவு எனப்படும். ஏற்பளவைக் கூட்டினால் படிமம் தெளிவடையும். குறைத்தால் படிமத்தில் இரைச்சல் எனப்படும் புள்ளி புள்ளியான கலக்கம் மிகும். கூடுதல் கதிர்வீச்சு பிற்காலத்தில் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பைச் சிறிதளவு உயர்த்தக்கூடும். மிகக் குறைந்த கதிர்வீச்சோ இப்போதே வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு புற்றுநோயைக் காட்டாது விட்டுவிடக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையில் எந்த இடத்தில் நிற்பது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இக்கேள்வி மற்ற உறுப்புகளை விட நுரையீரலில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. புகைபிடிப்போரிடம் நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பொருட்டு, நோய் அறிகுறி ஏதுமற்றவர்களுக்கும் ஆண்டுதோறும் சி.டி. வருடல் செய்யும் வழக்கம் சில நாடுகளில் ஏற்பட்டுள்ளது. நோயாளி ஒருவருக்கு ஒருமுறை செய்யும் சோதனையில் ஏற்பளவு சற்றுக் கூடினால் பெரிதாகப் பொருட்படுத்தப்படுவதில்லை. நலமாக உள்ள ஒருவருக்கு 25 ஆண்டுகள் தொடர்ந்து செய்யும்போது கணக்கு வேறாகிறது.

இரைச்சல் எவ்வாறு தோன்றுகிறது

எக்ஸ்-கதிர் தொடர்ச்சியான ஓர் ஒழுக்காக அன்றி, ஃபோட்டான்கள் எனப்படும் தனித்தனித் துகள்களாகவே உணரியை வந்தடைகிறது. மழைத் தூறலில் ஒரே அளவுள்ள பல கிண்ணங்களை முற்றத்தில் வைத்தால், அனைத்திலும் சரியாக ஒரே எண்ணிக்கையில் துளிகள் விழுவதில்லை. தூறல் மெல்லியதாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் ஏழும் அடுத்ததில் பன்னிரண்டும் விழலாம். பெருமழையில் கிண்ணங்களுக்கு இடையேயான வேறுபாடு மொத்த அளவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியதாகிவிடும். ஃபோட்டான்களும் இவ்வாறே நடந்துகொள்கின்றன.

கணிதப்படி, சராசரியாக N ஃபோட்டான்கள் வந்துசேரும் இடத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம் N-இன் வர்க்கமூலம் ஆகும். 10,000 ஃபோட்டான்கள் வந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு. 100 மட்டுமே வந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 விழுக்காடு. இதிலிருந்து சி.டி. துறையின் அடிப்படை விதி கிடைக்கிறது: இரைச்சல், ஏற்பளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமெனில் ஏற்பளவை நான்கு மடங்காக்க வேண்டும். மறுதலையாக, ஏற்பளவைக் கால்பங்காகக் குறைத்தாலும் இரைச்சல் இரு மடங்கே ஆகும். குறை ஏற்பளவு முறைகளுக்கு இந்த இரண்டாவது கூற்றே இடமளிக்கிறது.

நுண்ணிய விவரம் வேண்டுமெனில் விலை மிக வேகமாக ஏறுகிறது. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டுக்குப் பதிலாக 1 மில்லிமீட்டர் வெட்டு எடுத்தால், அதே ஏற்பளவில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஐந்தில் ஒரு பங்கு ஃபோட்டான்களே கிடைக்கும். இரைச்சல் ஏறத்தாழ 2.2 மடங்காகும். ரோட்னி புரூக்ஸ், ஜியோவானி டி கிரோ ஆகிய இருவரும் 1976 இல் இத்தொடர்பைச் சமன்பாடாகத் தந்தனர். அதன்படி இரைச்சலை மாறாமல் வைத்துக்கொண்டு, படப்புள்ளியின் பக்க நீளத்தையும் வெட்டின் தடிமனையும் பாதியாக்க வேண்டுமானால் ஏற்பளவு 16 மடங்காக வேண்டும். எண்ணியல் நிழற்படக் கருவியில் நினைத்தபடி பகுதிறனைக் கூட்டிப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கலாம்.

நுரையீரலின் தனித்தன்மை

சி.டி. படிமத்தில் ஒவ்வொரு படப்புள்ளியும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. இவ்வளவுகோலில் நீர் 0, காற்று −1000 ஆகும். கல்லீரல், தசை போன்ற மென்திசுக்கள் ஏறத்தாழ 40 முதல் 60 வரை அமையும். மூச்சை நன்கு உள்ளிழுத்த நிலையில் நுரையீரலின் மதிப்பு ஏறத்தாழ −850 ஆகும். ஏனெனில் அதன் கன அளவில் பெரும்பகுதி காற்றே.

இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவதாக, காற்று நிறைந்த உறுப்பு எக்ஸ்-கதிர்களைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. நீரிலோ மென்திசுவிலோ 4 செ.மீ.-க்குச் சற்றுக் குறைந்த தொலைவுக்கு ஒருமுறை கதிரின் செறிவு பாதியாகும். ஆகவே வயிற்றைக் கடப்பதை விட மார்பைக் கடக்கும் கதிர்களே கூடுதலாக உணரியை அடைகின்றன. இரண்டாவதாக, திண்மையான ஒரு சிறு முடிச்சுக்கும் அதைச் சூழ்ந்த நுரையீரலுக்கும் இடையே 800 அலகுகளுக்கு மேல் வேறுபாடு உள்ளது. கல்லீரலில் ஒரு கட்டிக்கும் சூழ்ந்த திசுவுக்கும் இடையே இவ்வேறுபாடு சில பத்து அலகுகளே இருக்கும். 40 அலகு இரைச்சல் கல்லீரல் கட்டியை முற்றிலும் மறைத்துவிடும்; நுரையீரல் முடிச்சை அது தொடுவதேயில்லை எனலாம்.

மருத்துவர் படிமத்தைத் திரையில் காணும் முறையும் இதற்குத் துணை செய்கிறது. நுரையீரலைக் காண ஏறத்தாழ 1500 அலகு அகலமுள்ள சாளரம் பயன்படுத்தப்படுகிறது; அதாவது கருமையிலிருந்து வெண்மை வரையிலான சாயல்கள் 1500 அலகுகளுக்குப் பங்கிடப்படுகின்றன. இச்சாளரத்தில் 40 அலகு இரைச்சல் என்பது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. இதயத்தைச் சூழ்ந்த நடுமார்புப் பகுதியைக் காண 400 அலகுச் சாளரத்துக்கு மாறினால் அதே இரைச்சல் 10 விழுக்காடாகி, படிமம் மணல் தூவியது போல் தோன்றும். ஒரே வருடல், ஒரே தரவு. ஒரு கேள்விக்குப் போதுமானது, மற்றொன்றுக்குப் போதாதது. எனவே "நல்ல படிமம்" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்தக் கேள்விக்கு விடை காணப் படிமம் எடுக்கப்படுகிறது என்பதைச் சொன்ன பிறகே தரத்தைப் பற்றிப் பேச முடியும்.

ஏற்பளவை அளத்தல்

சி.டி. கருவியின் திரையில் வருடல் தொடங்கும் முன்பே இரண்டு எண்கள் காட்டப்படுகின்றன. முதலாவது கன அளவு சி.டி. ஏற்பளவுச் சுட்டெண்; இதன் அலகு மில்லிகிரே. இது நோயாளியின் உடலில் அளக்கப்பட்டதன்று. உடற்பகுதி வருடல்களுக்கு 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளையில் அளந்த மதிப்பைக் கொண்டு கணிக்கப்படுவது. இரண்டாவது ஏற்பளவு-நீளப் பெருக்கம். சுட்டெண்ணை வருடிய நீளத்தால் பெருக்கக் கிடைப்பது. இதனை மார்புக்குரிய 0.014 என்னும் கெழுவால் பெருக்கினால் பயனுறு ஏற்பளவு மில்லிசீவர்ட் அலகில் தோராயமாகக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சுட்டெண் 3 மில்லிகிரே, வருடிய நீளம் 30 செ.மீ. எனில் பெருக்கம் 90; பயனுறு ஏற்பளவு ஏறத்தாழ 1.3 மில்லிசீவர்ட்.

ஒப்பீட்டுக்காக, இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சால் மனிதர் ஒருவர் ஆண்டொன்றுக்கு ஏற்கும் அளவு உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட் ஆகும். முதுகுப்புறமிருந்து எடுக்கப்படும் ஒரு சாதாரண மார்பு எக்ஸ்-கதிர்ப்படம் ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட் தருகிறது.

மேற்கூறிய சுட்டெண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. ஒல்லியான உடலுள்ளவருக்கும் பருத்த உடலுள்ளவருக்கும் ஒரே சுட்டெண் காட்டப்பட்டால், உண்மையில் ஒல்லியானவரின் உறுப்புகளே கூடுதல் ஏற்பளவைப் பெறுகின்றன. கதிரைத் தடுத்து மட்டுப்படுத்தும் திசு அவரிடம் குறைவு. குழந்தைகளில் இப்பிழை பெரிதாகும். இதனைத் திருத்தும் பொருட்டு அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011 இல் உடல் அளவுக்கேற்ற ஏற்பளவு மதிப்பீட்டு முறையை வெளியிட்டது.

ஏற்பளவை மாற்றும் காரணிகள்

எக்ஸ்-கதிர்க் குழாயின் மின்னோட்டத்தையும் கதிர்வீசும் நேரத்தையும் பெருக்கக் கிடைப்பது மில்லி ஆம்பியர்-நொடி ஆகும். ஏற்பளவு இதற்கு நேர்விகிதத்தில் உள்ளது. இதனைப் பாதியாக்கினால் ஏற்பளவும் பாதியாகும். கையாள்வதற்கு எளியது என்பதால் குறை ஏற்பளவு முயற்சிகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கின.

குழாய் மின்னழுத்தத்தின் விளைவு இத்தனை நேரானதன்று. மற்றவை மாறாதிருக்க, 120 கிலோவோல்ட்டிலிருந்து 100 கிலோவோல்ட்டுக்கு இறக்கினால் ஏற்பளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆனால் கதிரின் ஊடுருவும் திறனும் குறைவதால், பருத்த உடலில் போதிய ஃபோட்டான்கள் மறுபுறம் வந்து சேராமல் போகலாம். அயோடின் கலந்த மாறுபாட்டு மருந்து செலுத்தி இரத்தக் குழாய்களைப் பார்க்கும்போது குறைந்த மின்னழுத்தம் கூடுதல் பயன் தரும். அயோடின் அவ்வாற்றலில் கதிரை மிகுதியாக உறிஞ்சுவதால் படிமத்தில் பளிச்சிடும். முடிச்சுகளைத் தேடும் வருடலில் இம்மருந்து செலுத்தப்படுவதில்லை.

மார்பு எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் உடையதன்று. தோள்பட்டைகளின் குறுக்கே செல்லும் கதிர், எலும்பையும் தசையையும் நெடுந்தொலைவு கடக்க வேண்டும். நடு நுரையீரலை முன்பின்னாகக் கடப்பது எளிது. மின்னோட்டத்தை மாற்றாமல் வைத்தால் தோள் மட்டத்தில் ஃபோட்டான் பற்றாக்குறை ஏற்பட்டுக் கிடைமட்டக் கோடுகள் தோன்றும். நுரையீரலின் உச்சிப்பகுதி அங்குதான் உள்ளது. தற்காலக் கருவிகள் குழாய் சுழலும்போதே கோணத்துக்கும் உடல் மட்டத்துக்கும் ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கின்றன.

இத்தகைய தானியங்கி வசதிகளைப் பயனற்றதாக்கக்கூடிய எளிய தவறுகளும் உண்டு. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்காமல் வருடினால் இரு கைகளின் எலும்புகளும் கதிரின் பாதையில் நிற்கும்; கருவி அதற்கு ஈடாக மின்னோட்டத்தை உயர்த்தும். மேசையின் உயரம் சரியாக அமையாமல் உடல் நடுவிலிருந்து விலகினால், கதிரை உடல் வடிவுக்கேற்பச் சீர்செய்யும் வடிகட்டி தவறான இடத்தில் வேலை செய்யும். தோலுக்கு ஏற்பளவு கூடும், படிமத்தில் இரைச்சலும் கூடும். நோயாளி மூச்சை அடக்காமல் விட்டால் படிமம் மங்கி, வருடலை மறுபடியும் செய்ய நேரும். நுட்பமான முறைகளால் 20 விழுக்காடு மிச்சப்படுத்திவிட்டு ஒரே ஒரு மறுவருடலால் ஏற்பளவை இரட்டிப்பாக்குவது நடைமுறையில் நிகழக்கூடியதே. தொழில்நுட்பர் நோயாளிக்கு மூச்சடக்கப் பழக்கும் இரண்டு நிமிடங்களும் கதிர்ப் பாதுகாப்பின் பகுதியாகும்.

படிம மீளுருவாக்கம்

பல கோணங்களில் பெற்ற அளவீடுகளிலிருந்து குறுக்குவெட்டை உருவாக்குவது ஒரு கணிதச் சிக்கல். ஒவ்வோர் அளவீட்டையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பரப்பினால் உருவம் தோன்றும், ஆனால் மங்கலாக இருக்கும். பரப்புவதற்கு முன் ஒரு வடிப்பியின் வழியே செலுத்தினால் மங்கல் நீங்கும். இதனை எளிய சுருளல் கணக்காகச் செய்யும் வழியை ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. இலட்சுமிநாராயணன் ஆகிய இருவரும் 1971 இல் வெளியிட்டனர். கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்புக்காகவும் தம் பெயரால் வழங்கும் வரைபடத்துக்காகவும் அறியப்படும் இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். இவ்வடிப்பி இன்றும் இருவர் பெயரின் முதற்பகுதிகளையும் இணைத்து "ராம்-லாக் வடிப்பி" என்றே உலகெங்கும் பாடநூல்களில் வழங்குகிறது.

ஏற்பளவுச் சிக்கலின் ஒரு பகுதி இவ்வடிப்பியின் இயல்பிலேயே உள்ளது. அது உயர் அதிர்வெண்களை, அதாவது நுண்ணிய விவரங்களை, அவற்றின் அதிர்வெண்ணுக்கு ஏற்பப் பெருக்குகிறது. விளிம்புகள் கூர்மையடைவது அதனால்தான். ஆனால் ஃபோட்டான் இரைச்சலும் அங்கேயே உள்ளதால் அதுவும் சேர்ந்து பெருகுகிறது. நடைமுறையில் உயர் அதிர்வெண்ணை ஓரளவு மட்டுப்படுத்திய மென்மையான வடிப்பிகளும், மட்டுப்படுத்தாத கூரிய வடிப்பிகளும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. நுரையீரலுக்குக் கூரியதும் நடுமார்புக்கு மென்மையானதும் ஏற்றவை. ஒரே வருடலின் தரவிலிருந்து இரண்டையும் உருவாக்கலாம். இதற்குக் கூடுதல் கதிர்வீச்சு தேவையில்லை.

2000களின் இறுதியிலிருந்து மறுசெய்கை மீளுருவாக்கம் மருத்துவமனைகளில் பரவலாயிற்று. இதில் கணினி ஒரு படிமத்தை ஊகித்து, அப்படிமம் உண்மையாயின் உணரியில் என்ன அளவு கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டு, உண்மை அளவீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே செல்கிறது. இது முற்றிலும் புதியதன்று. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவியே ஒருவகை மறுசெய்கை முறையைத்தான் கையாண்டது. கணக்குச் சுமை மிகுதியாக இருந்ததால் வடித்துப் பரப்பும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. கணினிகளின் வேகம் பெருகிய பின் பழைய கருத்து திரும்பி வந்தது. 2019 இல் ஆழ் கற்றல் அடிப்படையிலான மீளுருவாக்க மென்பொருள்களுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இம்முறைகள் இரைச்சலை வெகுவாகக் குறைக்கின்றன. ஆயினும் இரைச்சல் குறைவதும் தகவல் கூடுவதும் ஒன்றல்ல. உணரியை வந்தடையாத ஃபோட்டானை எந்த மென்பொருளாலும் வரவழைக்க இயலாது. வலுவாகச் செயற்படுத்தப்பட்ட மறுசெய்கைப் படிமங்கள் மெழுகு பூசியது போலத் தோன்றுவதாகக் கதிரியல் மருத்துவர்கள் குறிப்பிடுவதுண்டு. மாறுபாடு மிக்க திண்ம முடிச்சுகள் அவற்றில் நன்றாகத் தெரிகின்றன. மாறுபாடு குறைந்த மெல்லிய மாற்றங்கள் இரைச்சலோடு சேர்ந்தே மழுக்கப்படலாம். ஆகவே படிமம் கண்ணுக்கு வழவழப்பாக இருப்பதை வைத்து ஏற்பளவை மேலும் இறக்குவது பாதுகாப்பானதன்று.

வரலாறும் பெரும் ஆய்வுகளும்

காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியால் முதல் நோயாளியின் தலை 1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் வருடப்பட்டது. அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் 1979 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொடக்க காலக் கருவிகள் மெதுவானவை; மூச்சால் அசையும் மார்புக்கு அவை ஏற்றவையாக இருக்கவில்லை. 1989 இல் வில்லி காலெண்டர் குழுவினர் அறிமுகப்படுத்திய திருகுசுழல் வருடல் ஒரே மூச்சடக்கத்தில் முழு மார்பையும் எடுக்க வழிவகுத்தது. அடுத்த ஆண்டே டேவிட் நைடிச் குழுவினர், மின்னோட்டத்தை வெகுவாகக் குறைத்தாலும் நுரையீரல் திசு போதிய தெளிவுடன் தெரிகிறது என்னும் தொடக்கக் கண்டறிதலை வெளியிட்டனர்.

கிளாடியா ஹென்ஷ்கி குழுவினர் நியூயார்க்கில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,000 புகைபிடிப்போரைக் குறை ஏற்பளவு சி.டி.-யாலும் சாதாரண எக்ஸ்-கதிர்ப்படத்தாலும் சோதித்து 1999 இல் முடிவுகளை வெளியிட்டனர். சி.டி. 27 பேரிடம் புற்றுநோயைக் கண்டறிந்தது; எக்ஸ்-கதிர்ப்படம் 7 பேரிடம் மட்டுமே. 27 இல் 23 முதல் நிலையில் இருந்தன. எனினும் இவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லாததால், முன்கூட்டிக் கண்டறிவது உயிரைக் காக்கிறதா என்னும் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

அதற்கான விடை அமெரிக்காவின் தேசிய நுரையீரல் முன்கண்டறி ஆய்விலிருந்து வந்தது. 2002 முதல் 2004 வரை 33 மையங்களில் 53,454 பேர் சேர்க்கப்பட்டனர். இவர்கள் 55 முதல் 74 வயதினர். குறைந்தது 30 பெட்டி-ஆண்டுகள் புகைத்தவர்கள். நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் ஓராண்டு புகைப்பது ஒரு பெட்டி-ஆண்டு எனப்படும். ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாக மூன்று முறை குறை ஏற்பளவு சி.டி.-யும் மறு பாதியினருக்கு எக்ஸ்-கதிர்ப்படமும் எடுக்கப்பட்டன. 2011 இல் வெளியான முடிவின்படி, சி.டி. குழுவில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. 320 பேரைச் சோதித்தால் ஓர் இறப்பு தவிர்க்கப்படும் எனக் கணக்கிடப்பட்டது. ஒரு வருடலின் சராசரிப் பயனுறு ஏற்பளவு 1.5 மில்லிசீவர்ட், நோயறிதலுக்கான வழக்கமான மார்பு சி.டி.-க்கு அப்போது 8 மில்லிசீவர்ட் எனக் கொள்ளப்பட்டது.

நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 15,792 பேரிடம் நடந்த நெல்சன் ஆய்வு 2020 இல் வெளியானது. பத்தாண்டுகளில் ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு 24 விழுக்காடு குறைந்ததாக அது காட்டியது. இவ்வாய்வில் ஏற்பளவு உடல் எடைக்கேற்ப வகுக்கப்பட்டது: 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 0.4, 80 கிலோ வரை 0.8, அதற்கு மேல் 1.6 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்கும்படி திட்டமிடப்பட்டது.

அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் 2015 இல் இச்சோதனையை ஏற்றபோது, சராசரி உடலளவு கொண்டவருக்குச் சுட்டெண் 3 மில்லிகிரேயைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை விதித்தது.

இடரும் பயனும்

சில மில்லிசீவர்ட் அளவிலான கதிர்வீச்சால் புற்றுநோய் உண்டாகிறதா என்பதை நேரடியாக அளப்பது மிகக் கடினம். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம், ஏற்பளவுக்கேற்ப இடர் நேர்கோட்டில் உயர்கிறது, இடரற்ற குறைந்தபட்ச அளவு என ஒன்றில்லை என்னும் கொள்கையைப் பாதுகாப்பு நோக்கில் பின்பற்றுகிறது. மொத்த மக்கள் தொகைக்கு ஒரு சீவர்ட்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு என்னும் கெழுவைத் தருகிறது. இதன்படி 1.5 மில்லிசீவர்ட் வருடல் ஒன்றின் இடர் ஏறத்தாழ 13,000 இல் ஒன்று. இது மக்கள் தொகைச் சராசரியே. தனியொருவரின் எதிர்காலத்தை இதைக் கொண்டு கணிக்கலாகாது என ஆணையமே எச்சரித்துள்ளது. வயதானவர்களில் இடர் இதைவிடக் குறைவு, குழந்தைகளில் கூடுதல்.

ஆண்டுதோறும் 25 முறை வருடினால், குறை ஏற்பளவில் மொத்தம் 37.5 மில்லிசீவர்ட் ஆகும். 8 மில்லிசீவர்ட் வருடலாயின் 200 ஆகிவிடும். குறை ஏற்பளவு இல்லாமல் முன்கண்டறி சோதனையை நினைத்துப் பார்ப்பதே கடினம் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. இத்தாலியின் மிலான் நகரில் 5,203 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து வருடிய ஆய்வொன்று 2017 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கண்டறியப்பட்ட ஒவ்வொரு 108 நுரையீரல் புற்றுநோய்க்கும் கதிர்வீச்சால் ஒரு பெரும் புற்றுநோய் உண்டாகலாம். நெடுங்காலம் புகைத்தவர்களுக்கு இது ஏற்கத்தக்க விகிதம். புகைபிடிக்காத 35 வயதினர் ஒருவர் "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று எடுத்துக்கொள்ளும் வருடலில் கண்டறியப்படும் நோயின் வாய்ப்பு மிகச் சிறியது. இடர் மட்டும் அப்படியே இருக்கிறது.

இடர் கதிர்வீச்சோடு முடிவதில்லை. அமெரிக்க ஆய்வில் சி.டி. குழுவின் சோதனைகளில் 24.2 விழுக்காடு ஐயத்துக்குரியவையாக அறிவிக்கப்பட்டன, அவற்றில் 96.4 விழுக்காடு புற்றுநோய் அல்ல. ஒவ்வொரு பொய் எச்சரிக்கையும் மீண்டும் ஒரு வருடலுக்கும், சில வேளைகளில் ஊசி மூலம் திசு எடுக்கும் சோதனைக்கும் அறுவைக்கும் இட்டுச் செல்லும். காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் ஆறிய காசநோய்த் தழும்புகளும் முடிச்சுகளாகவே தோன்றுவதால் இச்சிக்கல் மேலும் கூடுகிறது.

முடிச்சின் வளர்ச்சியை அளந்து இப்பொய் எச்சரிக்கைகளைக் குறைக்கலாம் என்பது நெல்சன் ஆய்வின் முதன்மைக் கருத்து. இங்கே படிமத் தரம் மீண்டும் குறுக்கிடுகிறது. 5 மில்லிமீட்டர் முடிச்சின் கன அளவு இரு மடங்கானாலும் அதன் விட்டம் 6.3 மில்லிமீட்டரே ஆகும். இவ்வளவு சிறிய மாற்றத்தை விட்டத்தை அளந்து நம்பகமாகச் சொல்வது கடினம். எனவே கன அளவே கணினியால் கணிக்கப்படுகிறது. அதற்கு மெல்லிய வெட்டுகள் தேவை. மெல்லிய வெட்டுகளில் இரைச்சல் மிகுதி. முந்தைய வருடலும் பிந்தையதும் வேறு வேறு வடிப்பிகளால் உருவாக்கப்பட்டிருந்தால், வளராத முடிச்சு வளர்ந்தது போலவும் காட்டக்கூடும்.

குறை ஏற்பளவு பொருந்தாத இடங்கள்

எல்லா முடிச்சுகளும் திண்மையானவை அல்ல. பனிமூட்டம் போல் மங்கலாகத் தெரியும் தேய்த்த கண்ணாடி வகை முடிச்சுகளின் மதிப்பு −600 அலகுகளை ஒட்டியிருக்கும். சூழ்ந்த நுரையீரலிலிருந்து அவற்றின் வேறுபாடு இருநூறு அலகு அளவிலேயே உள்ளது. இவற்றுள் சில மெதுவாக வளரும் புற்றுநோயின் தொடக்கமாகும். ஏற்பளவை மிகவும் இறக்கினால் முதலில் மறைவன இவையே.

நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் அழியும் எம்பிசிமா நோயை அளவிடுவதில் வேறொரு வகையான பிழை நேர்கிறது. −950 அலகுக்குக் கீழ் உள்ள படப்புள்ளிகளின் விழுக்காடே நோயின் அளவாகக் கொள்ளப்படுகிறது. சராசரி −900 அலகுள்ள, நோயற்ற ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். இரைச்சலின் திட்ட விலக்கம் 25 அலகு எனில், இயல்புப் பரவலின்படி 2.3 விழுக்காடு புள்ளிகள் −950-ஐத் தாண்டிக் கீழிறங்கும். ஏற்பளவைக் கால்பங்காக்கித் திட்ட விலக்கம் 50 ஆனால், அதே நுரையீரலில் 16 விழுக்காடு புள்ளிகள் கீழிறங்கும். நோயாளியின் உடலில் எந்த மாற்றமும் இல்லை. அறிக்கையில் மட்டும் நோய் ஏழு மடங்காகிவிடும். எனவே இத்தகைய அளவீடுகளுக்கு ஏற்பளவு ஒரே அளவில் நிலைநிறுத்தப்படுகிறது அல்லது இரைச்சலுக்கான திருத்தம் செய்யப்படுகிறது.

நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி அடைத்திருப்பதாக ஐயுறும்போதும், நடுமார்பின் நிணநீர்க் கணுக்களுக்குப் புற்றுநோய் பரவியுள்ளதா என ஆராயும்போதும் முன்கண்டறி சோதனையின் ஏற்பளவு போதாது. அங்கு சில மில்லிசீவர்ட்டை மிச்சப்படுத்தப் பார்ப்பது தவறான சிக்கனம்.

குழந்தைகளைப் பொறுத்தவரை தராசு மறுபுறம் சாய்கிறது. அவர்களது திசுக்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுவன; பாதிப்பு வெளிப்பட வாழ்நாளும் நீண்டுள்ளது. பெரியவர்களுக்கான அமைப்புகளைக் குழந்தைகளுக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது என வலியுறுத்தி 2008 இல் அமெரிக்காவில் "இமேஜ் ஜென்ட்லி" என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. இளம் வயதில் சி.டி. எடுக்கப்பட்ட ஏறத்தாழ 9.5 இலட்சம் பேரை ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வொன்று, எலும்பு மச்சை பெற்ற ஏற்பளவுக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்புள்ளதை 2023 இல் வெளியிட்டது.

புதிய கருவிகள்

கதிர்க்குழாயின் முன் வெள்ளீயத் தகடு வைத்துக் குறைந்த ஆற்றலுள்ள, படிமத்துக்கு உதவாமல் தோலிலேயே உறிஞ்சப்படும் கதிர்களை வடிகட்டும் முறை 2010களில் மார்பு வருடலுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. இதனுடன் மறுசெய்கை மீளுருவாக்கத்தைச் சேர்த்து, 0.1 மில்லிசீவர்ட்டை ஒட்டிய அளவில், அதாவது இரு கோண மார்பு எக்ஸ்-கதிர்ப்படத்தின் அளவிலேயே, திண்ம முடிச்சுகளைக் காண முடிகிறது.

வழக்கமான உணரிகள் எக்ஸ்-கதிரை முதலில் ஒளியாகவும் பின் மின்சாரமாகவும் மாற்றி, குறிப்பிட்ட நேரத்தில் வந்த மொத்த ஆற்றலை அளக்கின்றன. மின்சுற்றின் சொந்த இரைச்சலும் இதில் கலந்துவிடுகிறது. ஃபோட்டான்கள் மிகக் குறைவாக வரும்போது இந்த மின்னணு இரைச்சலே மேலோங்கும். ஃபோட்டான்-எண்ணும் உணரி ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியே எண்ணுகிறது. குறிப்பிட்ட ஆற்றலுக்குக் கீழ்ப்பட்ட துடிப்புகளை எண்ணாமல் விடுவதால் மின்னணு இரைச்சல் பெரும்பாலும் நீங்குகிறது. இவ்வகையைச் சேர்ந்த முதல் முழுவுடல் மருத்துவக் கருவிக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ஃபோட்டான்களின் இயல்பான ஏற்ற இறக்கம் இக்கருவியிலும் அப்படியே உள்ளது.